4060 டிஐ, 7700 எக்ஸ்டி: இரண்டிலும் ஒரே எஃப்பிஎஸ் வருவது ஏன்?

பிக்சல்பித்தன்:
வணக்கம். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ (8 ஜிபி), ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி (12 ஜிபி) என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளையும் ஒரே கணினியில் மாற்றிப் போட்டு ஒப்பிடுகிறேன். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 1080பி. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கிட்டத்தட்ட ஒன்றுதான். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அல்ட்ராவில் வைத்தால் மட்டும் 4060 டிஐ விட்டுவிட்டு ஓடுகிறது. மெமரி வேகம் 4060 டிஐ-ல் நொடிக்கு 288 ஜிபி, 7700 எக்ஸ்டி-யில் 432. அந்த வித்தியாசம் எங்கே போனது?

சட்டகன்:
இந்த எண்களில் தெரிவது உங்கள் ப்ராசஸரின் வேகம். ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கார்டின் சிப்) யூசேஜைத் திரையில் வரவையுங்கள். 97–99 சதவீதம் என்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது. 70 என்றால், ப்ராசஸர் அடுத்த ஃப்ரேமைத் தயார் செய்யும்வரை கார்டு சும்மா இருக்கிறது. சிபியு (ப்ராசஸர்) 50 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாற வேண்டாம். 3600-ல் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). கேமின் முக்கிய த்ரெட் ஒன்று நிரம்பினாலே கதை முடிந்தது.

அதே இடத்தில் நின்று 1440பி-க்கு மாற்றுங்கள். எஃப்பிஎஸ் இறங்கவில்லையா, சிபியுதான் தடை. விசின்க் (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டுவது), எஃப்பிஎஸ் வரம்பு, ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையில் செயற்கை ஃப்ரேம் சேர்ப்பது), டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (இரண்டும் படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்குபவை) எல்லாம் ஆஃப். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் 1440பி என்பது உள்ளே 960பி-தான், திரும்பவும் சிபியுவிடமே வந்து நிற்பீர்கள். கூடவே, டிஎக்ஸ்12 (டைரக்ட்எக்ஸ் 12) கேம்களில் என்விடியா டிரைவர், அதாவது 4060 டிஐ-யின் டிரைவர், சிபியுவிடம் கொஞ்சம் அதிகமாக வேலை வாங்கும். பழைய ப்ராசஸரில் அது தெரியும்.

வடகலம்:
அல்ட்ரா டெக்ஸ்சர் தனிப் பிரச்சினை. 4060 டிஐ-க்கு மதர்போர்டோடு தரவு போய்வர 8 லேன் (பாதை)தான். பி450-ல் அது பிசிஐஇ 3.0 x8, அதாவது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டின் 8 ஜிபி நிரம்பியதும் மிச்சத்தை ராமிலிருந்து இந்தக் குறுகிய வழியாக இழுக்க வேண்டும். 7700 எக்ஸ்டி-க்கு 16 லேன், அதோடு 12 ஜிபி. அதனால் அங்கே திணறவில்லை. ஜிபியு-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பிசிஐஇ 1.1 என்று காட்டினால் பயப்படாதீர்கள். பக்கத்துக் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மையான வேகம் வரும்.

சராசரியை நம்பவே கூடாது. ஒரு நொடியில் 59 ஃப்ரேம் தலா 15 மில்லிநொடி, ஒன்று மட்டும் 115 மில்லிநொடி: சராசரி 60 எஃப்பிஎஸ்! கண்ணுக்கோ நன்றாகத் தெரியும் தடங்கல். 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்), ஃப்ரேம்டைம் கிராஃப் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரம்) இரண்டையும் பாருங்கள். சில கேம்கள் மெமரி போதாவிட்டால் வேகத்தைக் குறைக்காமல் டெக்ஸ்சரைச் சத்தமில்லாமல் மங்கலாக்கிவிடும். அதனால் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

சூடாறி:
கார்டு மாற்றும்போது நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவியை ஓட்டிப் பழைய டிரைவரை நீக்குங்கள். முதல் ஓட்டம் கணக்கில் சேராது, ஷேடர் (கார்டுக்கான சிறு நிரல்) கம்பைல் ஆகிற நேரம் அது. கேபினெட்டை மூடி 10 நிமிடம் கேமை ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகு ஒரே பாதையில் 60 நொடி, மூன்று முறை கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற அளவிடும் மென்பொருளில் பதியுங்கள். நடு மதிப்பை எடுங்கள். மூன்றும் 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. பல கேம்களைச் சேர்க்கும்போது பெருக்குச் சராசரி (எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பது) போடுங்கள். கூட்டுச் சராசரியில் 300 எஃப்பிஎஸ் வரும் ஒரே கேம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் முழு மெமரியையும் ஒரேயடியாக அணுகும் வசதி) இரண்டுக்கும் ஆனில் இருக்கட்டும்: பயாஸில் அபோவ் 4ஜி டிகோடிங் ஆன், சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் (பழைய பிரிப்பு முறை) என்றால் சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட் ஆகாது. முதலில் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிக்சல்பித்தன்:
யூசேஜ் 4060 டிஐ-ல் 74, 7700 எக்ஸ்டி-யில் 61. 1440பி-யில் இரண்டும் 98-ஐத் தொடுகின்றன, 7700 எக்ஸ்டி தெளிவாக முந்துகிறது. பவர் சப்ளை 550 வாட். அது தாங்குமா?

சட்டகன்:
தரமான 550 என்றால் 3600-உடன் தாங்கும். 4060 டிஐ 160 வாட், 7700 எக்ஸ்டி 245. 7700 எக்ஸ்டி-யில் பெரும்பாலும் இரண்டு 8-பின் பவர் இணைப்பு இருக்கும். ஒரே கேபிளின் இரு தலைகளைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.