ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஆத்தங்குடிக் கல்: பேச்சு எங்கே பிசகுகிறது?

பூக்கல்_காரைக்குடி கேட்டது:

வணக்கம். சரக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது நம் செட்டிநாட்டில் கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல், 10க்கு 10 அங்குலம், முக்கால் அங்குலக் கனம். இரண்டு இடத்துப் பேச்சு ஒரே சமயத்தில் ஓடுகிறது. ஒன்று, ஜெர்மனியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம், 300 சதுர மீட்டர். இன்னொன்று, ஒசாகாவில் ஓர் இறக்குமதியாளர்.

ஜெர்மன்காரர் "அளவு எத்தனை மில்லிமீட்டர் கூடும், குறையும்?" என்று எண் கேட்கிறார். "கைவேலை, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றால் ஏற்க மறுக்கிறார். ஒசாகாக்காரர் மாதிரிக் கல்லைப் பார்த்து நன்றி சொன்னார், முப்பது கேள்வி கேட்டார், "பரிசீலிக்கிறோம்" என்றார். ஐந்து வாரமாகப் பேச்சில்லை. விலையைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாமா? ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளர் மக்களின் பழக்கத்துக்கு நாட்டுக்கு நாடு எண் போட்டு வைத்திருக்கிறாராமே, அதை வைத்துத் திட்டம் போடலாமா?

தேவகோட்டை_சரக்கு:

தம்பி, முதலில் ஜெர்மனி. அவர் கேட்பது குறையே இல்லாத கல் அல்ல. குறைக்கு ஓர் எல்லை. அதைச் சொல்லிவிட்டால் கைவேலையை மனதார ஏற்பார்கள்.

சூளையில் வேகாத கல் இது, அளவெடுப்பது எளிது. நீள அகலம் இரும்புச் சட்டத்தில் அமைவதால் அதிகம் மாறாது. மாறுவது கனம், ஏனென்றால் பின்பக்கக் கலவையை அள்ளிப் போட்டு மட்டம் தட்டுவது கை. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்துக் காய்ந்த கல்லில், வெவ்வேறு நாள் அடித்ததாக 50 எடுங்கள். வெர்னியர் காலிப்பரால் நாலு மூலையிலும் கனம் அளந்து மிகக் குறைவு, மிக அதிகம் இரண்டையும் எழுதுங்கள். அந்த எண்ணை அனுப்புங்கள். நல்லபடி காட்ட வேண்டுமென்று குறைத்து எழுதினால் பதிக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

எண்ணிக்கையையும் விரித்துச் சொல்லுங்கள். இந்த அளவில் சதுர மீட்டருக்கு 15.5 கல். 300க்கு 4,650. உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 விழுக்காடு சேர்த்தால் 5,115. ஒரு கல் சுமார் 2.7 கிலோ என்றால் மொத்தம் பதினான்கு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு இருபதடிக் கன்டெய்னரில் அடங்கும். மரப்பெட்டி, பூச்சி சாக, 56 பாகையில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்கட்டும்.

பெரிய வம்பு வேறிடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் இந்தக் கல்லை ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது தேங்காயெண்ணெய் பூசுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஜெர்மன் வீட்டில் தண்ணீர்க் கறை போக வினிகரும் சிட்ரிக் அமிலமும் ஊற்றித் துடைப்பது வழக்கம். சிமென்ட் கல்லை அமிலம் அரித்துவிடும். சொல்லாமலே புரியும் பழக்கத்தையும் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கும் பழக்கத்தையும் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976இல் பிரித்துக் காட்டினார். இந்தக் கல் அதற்கு அச்சான உதாரணம். "அமிலம் படக்கூடாது, பனி உறையும் வெளித்தரைக்கு ஆகாது, முதல் சில மாதம் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கலாம்" என்று ஜெர்மன் மொழியில் ஒரு தாள் பெட்டிக்குள் போகவேண்டும்.

பள்ளத்தூர்_ஆச்சி:

ஒசாகாவுக்கு விலையைக் குறைக்க வேண்டாம். கேட்காமல் குறைத்தால் "அப்படியானால் முதலில் சொன்ன விலை என்ன கணக்கு?" என்ற சந்தேகம்தான் வரும்.

"பரிசீலிக்கிறோம்" என்பதை அவர்கள் "கென்தோ ஷிமாஸு" என்பார்கள். மரியாதையாக மறுக்கவும் அதே சொல், உள்ளே தாள் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் அதே சொல். முப்பது கேள்வி எதைப் பற்றி என்று திரும்பப் பாருங்கள். பெட்டிக்கு எத்தனை கல், அடுக்கும் முறை, நிறம் மங்குமா என்று கேட்டிருந்தால் காரியம் நகர்கிறது. வெறும் பாராட்டோடு நின்றிருந்தால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள்.

அங்கே முடிவு கூட்டத்தில் பிறப்பதில்லை. மரத்தை இடம் மாற்றி நடுமுன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்துவார்கள், அதற்கு நெமாவாஷி என்று பெயர். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் முன்கூட்டித் தனித்தனியே பேசிச் சம்மதம் சேர்ப்பதையும் அப்படியே சொல்கிறார்கள். பிறகு ரிங்கி என்ற தாள் மேசை மேசையாகப் போய் முத்திரை வாங்கும். உங்களோடு பேசியவருக்கு ஆம் சொல்ல அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே "முடிவு என்ன?" என்று நெருக்காமல் "உள்ளே சுற்றுக்கு விட ஏதும் தாள் வேண்டுமா?" என்று கேளுங்கள். ஒரு பக்கத்துக்குள் செய்முறை, பொருள், அளவு விவரம், ஜப்பானிய மொழியில்.

கூடவே கெந்தோ மிஹோன், அதாவது எல்லை மாதிரி, அனுப்புங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று கல்: சரியானது, ஏற்கக்கூடிய மிக வெளிறியது, ஏற்கக்கூடிய மிக அடர்ந்தது. இரண்டு செட், இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று. இதே முறை ஜெர்மனிக்கும் உதவும்.

கானாடுகாத்தான்_மேலாண்மை:

ஹாஃப்ஸ்டீட் எண்கள் உண்மைதான். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்கியவை. அதிகார இடைவெளியில், அதாவது மேலிருப்பவர் முன் கீழிருப்பவர் எவ்வளவு அடங்கிப் போகிறார் என்பதில், இந்தியா 77, ஜெர்மனி 35, ஜப்பான் 54. நிச்சயமின்மையைத் தவிர்ப்பதில், அதாவது தெளிவில்லாததை அப்படியே விட மனம் ஒப்பாமல் இருப்பதில், இந்தியா 40, ஜெர்மனி 65, ஜப்பான் 92. ஒசாகாவிலிருந்து முப்பது கேள்வி வந்ததற்கு அந்த 92இல் ஓரளவு விடை இருக்கிறது. ஆனால் ஒரே நிறுவனத்து ஆட்களை வைத்து ஒரு தேசத்தை அளக்கலாமா என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002இல் எழுப்பிய கேள்வி நியாயமானது. அது நாட்டின் சராசரி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் ஜாதகம் அல்ல. எதைக் கேட்கவேண்டும் என்று பட்டியல் போட மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்த 77ஐ உங்கள் பட்டறையிலேயே பாருங்கள். அச்சுத் தகடு தேய்ந்திருப்பது மேஸ்திரிக்குத் தெரியும், முதலாளி முன்னால் வாய் திறக்கமாட்டார். ஜெர்மன்காரர் வீடியோவில் அவரிடமே நேராகக் கேட்டால் தலையை ஆட்டி "சரி சார்" என்பார். நமக்கு அது "காதில் விழுந்தது". ஜெர்மன்காரருக்கு அது வாக்குறுதி. பேச்சுக்கு முதல் நாள் மேஸ்திரியோடு தனியே பத்து நிமிடம் உட்கார்ந்து, எது முடியாது என்பதை அவர் வாயால் வரவழைத்து, அதைத் தேதியோடு எழுதிவிடுங்கள்.

பூக்கல்_காரைக்குடி:

ரொம்ப நன்றி ஆச்சி, அண்ணே. ஒப்பந்தத்தில் ஜெர்மன் சட்டம் என்று போடச் சொல்கிறார்கள். போடலாமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காயத் தாமதமாகும் என்பதை எப்போது சொல்வது?

தேவகோட்டை_சரக்கு:

ஜெர்மன் சட்டம் என்றால், விலக்கி எழுதாதவரை 1980ஆம் ஆண்டு வியன்னா விற்பனை ஒப்பந்தமும் கூடவே வரும். ஜெர்மனியும் ஜப்பானும் அதில் உறுப்பு, இந்தியா இல்லை. அதன்படி வாங்கியவர் குறையை நியாயமான காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும், உச்சவரம்பு சரக்கு கைக்கு வந்து இரண்டு ஆண்டு. "நியாயமான காலம்" என்பதை நம்பி விடாமல், பெட்டி திறந்து பத்து நாளுக்குள் படத்தோடு என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

மழையை விலைப்புள்ளியிலேயே சொல்லுங்கள். பிள்ளையார் நோன்பு, பொங்கல், அவர்களுடைய கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜப்பானின் ஏப்ரல் கடைசி விடுமுறை வாரம், எல்லாம் ஒரே நாட்காட்டியில்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. நம் செட்டிநாட்டார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கணக்கு, சம்பளம் எழுத்தில். பெட்டியடியில், அதாவது அங்கிருந்த கடையில், நடந்ததெல்லாம் பேரேட்டிலும் கடிதத்திலும் ஊருக்கு வந்தாக வேண்டும். அதே மாதிரி வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு ஊருக்கும் நாலு வரி எழுதுங்கள்: இதுவரை அடித்தது எத்தனை, தொட்டியில் எத்தனை, கழித்தது எத்தனை, அடுத்த வாரம் என்ன. ஒரு கல்கூட அடிக்காத வாரத்தில் "மழை, 0" என்று எழுதி அனுப்புங்கள்.