பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு: இரவுப் படம் ஏன் தட்டையாக வருகிறது?

இரவுக்கண்:
கானாடுகாத்தான் பக்கம் பல வருடமாக ஆளில்லாத ஒரு வீட்டை இரவில் எடுக்க உரிமையாளர் அனுமதி தந்திருக்கிறார். ஃபுல் ஃபிரேம் கேமரா, 20 மிமீ லென்ஸ், முக்காலி, எல்இடி டார்ச் இருக்கின்றன. அமாவாசையை ஒட்டி எடுத்த சோதனைப் படங்கள் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப் (லென்ஸ் துளை அளவு) 4, 30 வினாடி. வானம் கறுப்பு, முகப்பு வெள்ளை அட்டை மாதிரி, எங்கும் நாய்ஸ் புள்ளி. பார்த்தால் பயமே வரவில்லை. எதை மாற்றுவது?

முக்காலி:
எடுக்கும் தேதியை மாற்றுங்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பின் போனால் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 2 நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் காத்திருந்து சரிபார்க்க வேண்டாம்: ஐஎஸ்ஓ 6400-ல் 4 வினாடி எடுத்துப் பாருங்கள், வெளிச்சம் அதே அளவுதான். சட்டகம் சரியானதும் 200-க்கு இறக்குங்கள். 30 வினாடிக்கு மேல் பல்ப் மோடும் (ஷட்டரை நாம் மூடும் வரை திறந்தே வைப்பது) ரிமோட்டும் வேண்டும்.

இந்த வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. கிழக்கு பார்த்த முகப்பென்றால் இரவு 8, 9 மணிக்கு நிலா சாய்வாக விழும். தூண் நிழல் திண்ணையில் நீளும். நள்ளிரவில் நிலா உச்சிக்கு வந்துவிடும், அப்போது வீட்டின் வளவுக்குள் (உள்முற்றம்) போய்விடுங்கள்.

ஃபோகஸுக்கு நிலைக்கதவில் டார்ச் அடித்து ஆட்டோவில் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் கண்ணாடியில் பனி படியும். அரை மணி மூடியே வையுங்கள்.

வளவு:
தட்டையாக வருவதற்குக் காரணம், டார்ச்சைக் கேமரா பக்கத்தில் நின்று அடிப்பது. பக்கவாட்டில் போய், சுவரை உரசுகிற மாதிரி அடியுங்கள்; காரை பெயர்ந்த இடமெல்லாம் எழும்பித் தெரியும். முட்டைப் பூச்சுச் சுவர் (சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது) பளபளப்பானது, நேராக அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். கையை ஆட்டிக்கொண்டே இருங்கள், டார்ச்சின் முனையை உடம்பால் மறையுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள்.

வொயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயலை வைக்கும் அமைப்பு) 4000 கெல்வினில் நிற்கட்டும். ஒரு சன்னலுக்குள் மட்டும் மஞ்சள் ஜெலட்டின் பேப்பர் சுற்றிய டார்ச்சை 5 வினாடி மேல்கூரையில் அடியுங்கள். வெளியே நீல நிலவு, உள்ளே யாரோ விளக்கேற்றியது போல ஒரே சன்னல். நீங்கள் தேடுகிற பயம் அங்கேதான் வரும். எல்லா சன்னலிலும் அடித்தால் கல்யாண வீடாகிவிடும்.

முக்காலி:
முக்கியமானதை விட்டுவிட்டேன். பகலில் ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள். மழைநீர் இறங்கிய மாடித் தளத்தில் உத்தரம் உள்ளே உளுத்திருக்கும், ஏறவே வேண்டாம். பின்கட்டுக் கிணற்றை அடையாளம் வையுங்கள். பாம்புக்குப் பூட்ஸ், வௌவால் எச்சத்துக்கு முகக்கவசம், கூட ஓர் ஆள். படத்தோடு ஊர், தெரு போடாதீர்கள். பழைய தூணுக்கும் கதவுக்கும் நல்ல விலை இருக்கிறது, திருட வருபவனுக்கு அதுவே வழிகாட்டி.

இரவுக்கண்:
நன்றி. கேமராவிலேயே இருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பைப் போடலாமா?

வளவு:
தனிப் படத்துக்குப் போடுங்கள். 2 நிமிடப் படத்துக்கு இன்னொரு 2 நிமிடம் எடுத்துக்கொள்ளும். நட்சத்திரம் நகரும் கோடு தெரியப் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குவதானால் அணைத்துவிடுங்கள், கோடு துண்டு துண்டாகும். அதற்குப் பதில் கடைசியில் லென்ஸை மூடி அதே அமைப்பில் இரண்டு கறுப்புப் படம் எடுத்து, அதில் விழும் புள்ளிகளைக் கணினியில் கழித்துக்கொள்ளலாம்.