மலை இறக்கத்தில் பின் பிரேக் தளர்கிறது: அச்சன்கோவில் பயணத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி (ஆலங்குளம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2017-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் பிளஸ்; முன்னும் பின்னும் டிரம் பிரேக். இதுவரை சமவெளிச் சாலைகளில்தான் ஓட்டியிருக்கிறேன். வருகிற தை மாதம் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை வழியாக மலையேறி அச்சன்கோவில் சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து காட்டுச் சாலையில் அலிமுக்கு சென்று, புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாக அன்று மாலையே ஊர் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன். பங்குனி உத்திரத்துக்குத் தவறாமல் சாஸ்தா கோவிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாஸ்தாவையும் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

மலைச் சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக இருவரும் பண்பொழி திருமலைக் கோவிலுக்கு வண்டியிலேயே ஏறினோம். ஏறும்போது சிரமம் இல்லை. இறங்கும்போது பாதி வழியில் பின் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது, கருகிய வாடை வந்தது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி தயங்கித்தான் நின்றது. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பிரேக் பழையபடி பிடித்தது. ஊருக்கு வந்ததும் ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் பின்பக்க நட்டை முறுக்கி, மிதி மேலேயே பிடிக்கும்படி செய்து கொடுத்தார்கள். அதன் பிறகு தொட்டால் பிடிக்கிறது. ஆனால் வண்டி முன்போல் இலகுவாக ஓடவில்லை, சிறிய மேட்டில்கூட இழுவை குறைந்திருக்கிறது.

இது பிரேக்கின் கோளாறா, ஓட்டும் முறையைச் சேர்ந்ததா? இந்த வண்டியை நம்பி அப்பாவை மலைக்கு அழைத்துப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (அம்பாசமுத்திரம், இருசக்கர வண்டிப் பட்டறை)

தம்பி, நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் காரியங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மலையில் நடந்தது சூட்டினால் வந்த தளர்ச்சி. இறக்கம் முழுவதும் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், ஷூவும் (உள்ளிருந்து விரிந்து டிரம்மை அழுத்தும் பிரேக் கட்டை) டிரம்மும் உரசிய சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். சூடு ஏற ஏற ஷூவின் உராய்வு குறையும். அதோடு டிரம்மும் விரிந்து ஷூவைவிட்டு விலகுவதால் மிதி ஆழமாக இறங்கும். ஆறியதும் பழையபடி பிடித்தது என்கிறீர்களே, அதுதான் இதற்கு அடையாளம். ஷூ தேய்ந்திருந்தாலோ உள்ளே எண்ணெய் கசிந்திருந்தாலோ, ஆறினாலும் சரியாகப் பிடித்திருக்காது.

இரண்டாவது காரியம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தளர்ந்தது சூட்டினால் என்றால், நட்டை முறுக்குவது அதற்கு மருந்தாகாது. டிரம் ஆறி இருக்கும்போதே ஷூ அதைத் தொட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் மிதிக்காமலே பிரேக் எந்நேரமும் உரசும். இழுவை குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அதே நிலையில் மலைக்குப் போனால் இறக்கம் தொடங்கும் முன்பே டிரம் சூடாகியிருக்கும்.

நடுத் தாங்கியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு பிரேக் மிதியை முழுவதும் அழுத்தச் சொல்லிவிட்டு, டிரம் மூடியின் வெளிப்பக்கம் பிரேக் கை (மிதியை அழுத்தினால் திரும்பி ஷூவை விரிக்கிற சிறிய நெம்புகோல்) பொருந்தும் இடத்தில் இருக்கிற சிறிய அம்புக்குறியைக் கவனியுங்கள். அந்த முனை மூடியில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது என்று பொருள். இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மறுமொழி (பாவூர்சத்திரம்)

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் பெட்ரோலும் மிச்சம், எஞ்சினுக்கும் ஓய்வு. கேரளத்துக்குப் போவதைவிட மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்குப் போனால் ஊருக்கும் பக்கம்.

மறுமொழி (செங்கோட்டை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்)

பாவூர்சத்திரம் நண்பர் சொன்ன முதல் யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். இறக்கத்தில் எஞ்சினை அணைப்பது, வண்டியைத் தடுத்து நிறுத்துகிற பெரிய சக்தியை நாமே கழற்றி எறிவதாகும். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் கட்டுப்படும். பிரேக்குக்குப் பாதி வேலைதான் மிஞ்சும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் அந்த இரண்டு டிரம்களின் தலையில் விழும். புனலூர்ச் சாலையில் வண்டி ஓட்டிய காலத்தில், புதிதாக வருகிற ஓட்டுநர்களுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. 97.2 சிசி எஞ்சின், நான்கு கியர், இரண்டு பேர் என்றால் செங்குத்தான இடங்களில் இரண்டாம் கியர், கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். வளைவின் நடுவில் கிளட்ச்சைப் பிடித்தால் அந்த நொடியில் வண்டி நியூட்ரலில் ஓடுவதற்குச் சமம்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் அழுத்துங்கள். முன் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். நம் பக்கத்தில் பலருக்கு முன் பிரேக் என்றாலே பயம். ஆனால் இறக்கத்தில் பாரம் முன் சக்கரத்தின் மீதுதான் சாய்கிறது, அங்கேதான் பிடிமானமும் அதிகம். வண்டி நேராக இருக்கும்போது மென்மையாகப் பிடித்தால் போதும். சாய்ந்து திரும்பும்போதும், மணலோ ஈர இலையோ கிடக்கும் இடத்திலும் முன் பிரேக்கைத் தொட வேண்டாம்.

வழியைப் பொறுத்தவரை, நீங்கள் வகுத்த திசையே சரியானது. நம் மலையின் கிழக்கு முகம் செங்குத்தானது. மேற்கே அது படிப்படியாகத் தாழ்ந்துகொண்டு போகும். மேக்கரையிலிருந்து கோட்டைவாசல் வரை உள்ள செங்குத்தை நீங்கள் ஏறத்தான் போகிறீர்கள், இறங்கப் போவதில்லை. திரும்பி வருகிற ஆரியங்காவுக் கணவாய் தாழ்வானது. ரயில் பாதைக்கும் அந்த இடைவெளியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1904-இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை அகலப்படுத்தப்பட்டு 2018-இல் மறுபடி திறந்தது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், அங்கே அப்பாவைச் சற்று இறக்கி நடக்க விடுங்கள். புளியரை எஸ் வளைவில் மட்டும் பொறுமை வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 744-இல் பாரம் ஏற்றிய லாரிகள் ஓயாமல் வரும்; அவற்றை வளைவில் முந்த முயலக் கூடாது. எதிரே ஏறி வருகிற வண்டிக்கு, இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். சாலை விதியும் அதைத்தான் சொல்கிறது.

மறுமொழி (கடையம், ஆசிரியை)

மாஞ்சோலையைப் பற்றி ஒரு சொல். அந்தச் சாலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது; மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட வனத்துறையின் அனுமதி வேண்டும், நினைத்த நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு போகிற இடம் அது அல்ல. காரையாறு பக்கமும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே முதல் பயணத்துக்கு அச்சன்கோவிலே பொருத்தம்.

ஆனால் தம்பி, அச்சன்கோவிலிலிருந்து அலிமுக்கு வரையிலான ஏறக்குறைய 40 கிலோமீட்டரை இலேசாக எண்ணிவிடாதீர்கள். பெரும்பகுதி காடு, பல இடங்களில் செல்பேசி வேலை செய்யாது, யானை நடமாட்டம் உண்டு. விடிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் அந்தச் சாலையில் இருக்கக் கூடாது. தரிசனத்தை முடித்துக்கொண்டு காலை ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குள் அலிமுக்கு போய்விடலாம். யானை தென்பட்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் அடிக்காமல், படம் எடுக்க நெருங்காமல், அது காட்டுக்குள் போகும்வரை காத்திருங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே புறப்பட வேண்டாம், பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம். சாலை மோசமாக இருப்பதாகவோ மழை பெய்ததாகவோ அச்சன்கோவிலில் சொன்னார்கள் என்றால், அலிமுக்கை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். அப்போது மேக்கரைச் செங்குத்தை இறங்க வேண்டியிருக்கும் என்பதால், பெரியவர் சொன்ன கியர் முறையை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். ரிசர்வ் குழாய் வேலை செய்கிறதா என்பதை ஊரிலேயே திருப்பிப் பாருங்கள். டியூப் டயர் என்பதால் மாற்று டியூப் ஒன்று, சக்கரம் கழற்றும் ஸ்பானர்கள், காற்றடிக்கும் பம்பு, ஒரு கிளட்ச் கேபிள் இவை போதும். அப்பாவுக்கும் தலைக்கவசம் கட்டாயம். கேரளத்தில் பின்னிருக்கைக்கும் சோதிக்கிறார்கள். காப்பீடும் புகைச் சான்றும் கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 108 இரு மாநிலத்திலும் உண்டு.

நாளைக் கூட்டம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மகரவிளக்கு முடியும்வரை புனலூர்ச் சாலை முழுவதும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளாக இருக்கும். தைப்பூசத்தன்று பண்பொழியில் நகர முடியாது. இரண்டையும் தவிர்த்து, தையின் பிற்பாதியில் ஒரு வார நாள் நல்லது. வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் ஓய்ந்திருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு, மார்கழி மழையை நம்பி மலையேறலாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மறுமொழி (ஆலங்குளம், கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணாச்சி சொன்னபடி பார்த்தேன். அம்புக்குறி கோட்டைத் தொடவில்லை, இன்னும் இடைவெளி இருக்கிறது. ஆனால் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒரு சுற்றுகூட முழுமையாகச் சுற்றாமல் உரசி நிற்கிறது. நட்டைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினேன். இப்போது இரண்டு சுற்று சுற்றுகிறது, இருந்தாலும் மெல்லிய உரசல் ஒலி போகவில்லை. மிதியை விட்டபின் பிரேக் கை மெதுவாகத்தான் தன் இடத்துக்குத் திரும்புகிறது.

மறுமொழி (அம்பாசமுத்திரம், இருசக்கர வண்டிப் பட்டறை)

கடைசியில் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். பிரேக் கை மெதுவாகத் திரும்புகிறது என்றால், ஷூவை விரிக்கிற கேம் தண்டு பசையில்லாமல் இறுகியிருக்கிறது, அல்லது ஷூவை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. குளத்துத் தண்ணீரில் இறக்கிக் கழுவும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சக்கரத்தைக் கழற்றி, கேம் தண்டை வெளியே எடுத்துத் துரு நீக்கி, சூடு தாங்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவச் சொல்லுங்கள். கிரீஸ் அதிகமானால் உருகி ஷூவில் படும், அதன்பின் அந்த ஷூ உதவாது. ஸ்பிரிங்குகளை மாற்றிவிடுங்கள், விலை சொற்பம்.

ஷூ தேயாவிட்டாலும், கருகிய வாடை வந்ததால் அதன் முகம் கண்ணாடிபோல் பளபளத்திருக்கக் கூடும். இலேசாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அப்பாவோடு போகிற பயணம் என்பதால் நானாக இருந்தால் புது ஷூவே போடுவேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: புது ஷூ டிரம்மோடு முழுமையாகப் பொருந்துவதற்குச் சில நாள் சமவெளியில் ஓட வேண்டும். ஆகவே பயணத்துக்கு முந்தைய நாள் மாற்றாமல், இப்போதே மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தையும் அதே நாளில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இறக்கத்தில் அதுதான் அதிகம் உழைக்கப் போகிறது. செயின் உறையின் ரப்பர் மூடியை நீக்கி விரலால் அழுத்திச் செயினின் தளர்வைப் பார்க்கலாம். இருவர் போவதால் பின் டயரில் காற்று எவ்வளவு என்று வண்டிக் கையேட்டில் பார்த்து நிரப்புங்கள், தனியாள் அளவு போதாது.

மறுமொழி (ஆலங்குளம், கேட்டவர்)

பிரித்துப் பார்த்தாயிற்று அண்ணாச்சி. கேம் தண்டு நீங்கள் சொன்னபடியே துருவேறி இறுகியிருந்தது, ஷூவின் முகமும் பளபளத்துக் கிடந்தது. இரு சக்கரத்துக்கும் புது ஷூவும் ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறேன். பின் சக்கரம் உரசலில்லாமல் சுற்றுகிறது, மேட்டில் இழுவையும் திரும்பியிருக்கிறது. புது ஷூ பொருந்தியபின் திருமலைக் கோவிலிலிருந்து இரண்டாம் கியரில் இறங்கிப் பார்க்கப் போகிறேன். கீழே வந்ததும் டிரம் எவ்வளவு சூடு இருந்தால் சரி என்று கொள்ளலாம்?

மறுமொழி (அம்பாசமுத்திரம், இருசக்கர வண்டிப் பட்டறை)

கையை நேராக வைக்க வேண்டாம் தம்பி, சுட்டுவிடும். முதலில் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக உணர்ந்து, வாடை இல்லாமல், மிதி அடிவாரத்திலும் மேலே இருந்த அதே உயரத்தில் பிடித்தால் தாராளமாகப் போகலாம். மிதி இறங்கியிருந்தால், நட்டைத் தொடாமல் வண்டியை அப்படியே என்னிடம் கொண்டு வாருங்கள்.