குறை சொல்ல ஒருவர் வந்தார்

சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் ஒரு கலைவிழா. மேடையேறியவர்கள், ஓவியம் மாட்டியவர்கள் எல்லோரும் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச் சிதறல், துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) உள்ளவர்கள். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 17 வயது. மிருதங்கம் வாசிக்கிறான்.

வாசிப்பதற்கு முன் தொப்பி எனும் பெரிய பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்ட வேண்டும். ஒட்டினான், தட்டினான், நகத்தால் கடுகளவு சுரண்டினான், மறுபடி ஒட்டினான். ஏழு நிமிடம்! எனக்கு வியர்த்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு கச்சேரியில் அவன் வாய்விட்டுத் தாளச் சொற்கட்டு சொன்னதற்காக எங்களை எழுந்து போகச் சொன்னார்கள். அந்த நாளின் வியர்வை இது. இங்கே யாரும் முணுமுணுக்கவில்லை. முன்வரிசைப் பாயில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி மட்டும், அவன் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் “தொம்” என்று பதில் சொன்னாள்.

பிறகு அண்ணாந்து பார்த்து, “லைட் பாடுகிறது” என்றான்; விளக்கின் ரீங்காரத்தைத்தான் சொன்னான். தொண்டூழியர் ஒருவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த வரிசை விளக்குகளை அணைத்தார். ஆதி தாளத்தில் வாசித்தான். நிறைவாக வரும் கோர்வையை மூன்று முறை வாசித்து முடித்தபோது கைதட்டல் இல்லை. திடீர்ச் சத்தம் பலருக்கு ஆகாது என்பதால், காது கேளாதோர் பாராட்டுவதுபோல இரு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டும்படி முன்பே சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் பெரியவர் ஒருவர் வந்தார். “தம்பி, மூன்றாம் முறை காலம் ஓடிவிட்டது, வேகம் கூடிவிட்டது” என்றார். “ஓடவில்லை” என்றான் இவன். இருவரும் தொடையில் தாளம் போட்டுப் பத்து நிமிடம் வழக்காடினார்கள். “பாவம், இந்த நிலையிலும் எவ்வளவு நன்றாக வாசிக்கிறான்” என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. குருவைத் தவிர அவன் வாசிப்பில் குறை சொன்ன முதல் ஆள் இவர்தான். (ஓடத்தான் செய்தது. அவனிடம் நான் சொல்லவில்லை.)

*

அக்கா, நீங்கள் எழுதிய ‘பாவம்’ போலவே ‘அதிசயம்’ என்றும் ஒன்று இருக்கிறது. 2014 ஜூலையில் ஆர்ச்சர்ட் ரோடு பரகன் கடைத்தொகுதியில் ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீஃபன் வில்ட்ஷையர் சிங்கப்பூரை வரைந்ததை நின்று பார்த்தேன். ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்ததை வைத்து, 4 மீட்டர் நீளத்தில், ஐந்து நாளில் வரைந்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஜன்னல்களை எண்ணி, “மூளையா, கேமராவா?” என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். கோடு எவ்வளவு அழகு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள என் தம்பியும் வரைகிறான், எம்ஆர்டி ரயில் கதவுகளை மட்டும். அவனைப் பார்க்க வருகிறவர்கள், தேதி சொன்னால் கிழமை சொல்வானா என்று கேட்கிறார்கள். சொல்ல மாட்டான், அவனுக்கு வியாழக்கிழமையே மறந்துவிடும்.

ரெட்ஹில் எனேபிளிங் வில்லேஜில் ‘தி ஆர்ட் ஃபேக்கல்டி’ கடைக்கு அவனைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களின் ஓவியங்களைப் பைகளிலும் குவளைகளிலும் அச்சிட்டு விற்று, வரைந்தவர்களுக்கு உரிமைத்தொகை கொடுக்கிறார்கள். பணம் கிடைக்கும் என்றதும் தம்பி கேட்ட கேள்வி, “கதவுக்கு எவ்வளவு?”

*

அக்கா எழுதிய அதே விழாவில் நான் தொண்டூழியன். ஏடிஎச்டி எனக்கு 42 வயதில்தான் தெரியவந்தது; ஓரிடத்தில் உட்கார முடியாத என்னை அமைதி அறைக்குக் காவல் போட்டார்கள், என்ன பொருத்தமோ! மங்கலான விளக்கு, மெத்தைகள், காதுக் கவசங்கள். கலைஞர்கள் இளைப்பாற ஏற்பாடு செய்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பெற்றோர். நீலச் சேலை கட்டிய அம்மா ஒருவர், மடியில் ரவை டப்பாவோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். முக்கால் மணி நேரம் நான் எழுப்பவில்லை.

*

அந்த நீலச் சேலை நான்தான், அண்ணே. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டேன். கிடைத்ததா?