ஓஜிஜி லினக்ஸில் பாடுகிறது, விண்டோஸிலும் மேக்கிலும் பாடவில்லை

கேள்வி:
க்யூட் (ஆப் எழுத உதவும் லைப்ரரித் தொகுப்பு) 5.15, சி++. அதில் பாட்டு ஓட்டும் க்யூமீடியாபிளேயரிடம் ஓஜிஜி ஒலி ஃபைலைக் கொடுத்தால் லினக்ஸில் மட்டும் பாடுகிறது. மற்ற இரண்டிலும் ஃபார்மேட் பிழை. எம்பி3 ஆக்கினால் மூன்றிலும் ஓடுகிறது. ஆனால் பின்னணி இசை முடிந்து மறுபடி தொடங்குகிற இடத்தில் குட்டி இடைவெளி. என்ன செய்யலாம்?

பதில் 1:
க்யூட் 5 தானாக டிகோட் செய்யாது (சுருக்கிய ஃபைலை ஒலியாக விரிக்காது), ஓஎஸ்ஸிடம் இருப்பதைத்தான் நம்புகிறது. லினக்ஸில் ஜிஸ்ட்ரீமர் என்ற மீடியா லைப்ரரி, வோர்பிஸ் (ஓஜிஜிக்குள் இருக்கும் ஒலி வடிவம்) ப்ளக்இன்னோடு இருக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் ஓஎஸ் பதிப்பையும் போட்டிருக்கிற எக்ஸ்டென்ஷனையும் பொறுத்தது. அதை நம்பி ஆப் வெளியிட முடியாது. க்யூட் 6.5 முதல் எஃப்எஃப்எம்பெக் என்ற டிகோடர் தொகுப்புதான் இயல்பு பேக்எண்ட் (பின்னால் வேலை செய்யும் பகுதி). அதற்கு மாறுங்கள், அதன் லைப்ரரிகளையும் பேக்கேஜில் சேர்க்க மறக்காதீர்கள்.

பதில் 2:
க்யூட்டை மாற்ற முடியாதென்றால் மினிஆடியோ என்ற ஒலி லைப்ரரி. ஒரே ஹெடர் ஃபைல். வேவ், ஃபிளாக், எம்பி3 டிகோடர்கள் உள்ளேயே உண்டு. ஓஜிஜிக்கு எஸ்டிபி வோர்பிஸ் என்ற டிகோடரையும் சேர்க்க வேண்டும். இம்ப்ளிமென்டேஷன் மேக்ரோவை ஒரே ஒரு சோர்ஸ் ஃபைலில் வையுங்கள். இரண்டில் வைத்தால் லிங்க்கர் 'ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது' என்று கத்தும். சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பதை) 0 என விட்டால் டிவைஸின் சொந்த ரேட்டையே எடுத்துக்கொள்ளும். டிகோட் செய்த 44100 ஹெர்ட்ஸ் டேட்டாவை 48000இல் ஓடும் டிவைஸுக்கு அப்படியே தள்ளினால் பாட்டு சுமார் 9% வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும்.

பதில் 3:
இடைவெளி எம்பி3இன் பிறவிக்குணம். 1152 சாம்பிள் கொண்ட ஃபிரேம்களாகத்தான் எழுதும். எனவே முன்னால் என்கோடர் தாமதமும் பின்னால் நிரப்பலும் மௌனமாகச் சேரும். லேம் என்ற எம்பி3 என்கோடர் அந்த எண்களை முதல் ஃபிரேமில் குறித்து வைக்கும், ஆனால் எல்லா டிகோடரும் அதைப் படிப்பதில்லை. ஓஜிஜியில் சரியான நீளம் ஃபைலிலேயே இருக்கும். ஒன்று மட்டும்: மூல வேவிலிருந்து என்கோட் செய்யுங்கள். எம்பி3இலிருந்து மாற்றினால் அந்த மௌனமும் கூடவே வரக்கூடும்.

கேட்டவர்:
மினிஆடியோவில் சரியாகிவிட்டது, நன்றி. சின்ன ஒலிகளுக்கு நானே எழுதிய வேவ் ரீடர் இருக்கிறது. சில ஃபைல்களின் தொடக்கத்தில் 'டக்' என்கிறது, ஒன்று வெறும் இரைச்சல்.

பதில் 2:
தலைப்பு எப்போதும் 44 பைட் என்று நினைத்து அதைத் தாண்டிவிட்டுப் படிக்கிறீர்கள், அதுதானே? வேவ் ஃபைல் சங்க் என்ற துண்டுகளால் ஆனது. 'டேட்டா' சங்க்குக்கு முன்னால் 'லிஸ்ட்' சங்க் இருந்தால் அந்த எழுத்துகள்தான் 'டக்'. ஒவ்வொரு சங்க்கின் பெயரையும் அளவையும் படித்துத் தாவுங்கள். அளவு ஒற்றைப்படையானால் கூடுதலாக ஒரு பைட் தாவுங்கள். இரைச்சலுக்கு ஃபார்மேட் டேகைப் பாருங்கள்: 1 என்றால் பிசிஎம் (சுருக்காத முழு எண்கள்), 3 என்றால் ஃப்ளோட் (தசம எண்கள்), 65534 என்றால் உண்மையான வகை இன்னும் உள்ளே. பெரும்பாலும் 32 பிட் ஃப்ளோட்டை 16 பிட்டாகப் படிக்கிறீர்கள்.