கொரிய 'உருரொங்'கா, சீன 'பாவ்ஷியாவ்'வா? கொரிய இசைக்குழு எக்ஸோவின் 'க்ரோல்' (உறுமல்) பாட்டை இரண்டு மொழியிலும் கேட்டவர்கள் சொல்லுங்கள்

சுவோன் வாசி:

2014 அக்டோபர். எங்கள் ஆய்வுக்கூடத்து விருந்து முடிந்து, வழக்கம்போல இரண்டாம் சுற்றுக்கு நொரேபாங் (கரோக்கே அறை) போனோம். ஒன்பது பேர், சின்ன அறை. எக்ஸோவின் சீன உறுப்பினர் லூஹான் குழுவின் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்ட செய்தி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அதற்கு முன் மே மாதத்தில் இன்னொரு உறுப்பினர் க்ரிஸ் வழக்குப் போட்டிருந்தார், இந்தப் பின்னணியெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களோடு சீனாவின் ஹார்பின் நகரத்துத் தோழி ஒருத்தி படித்தாள். யாரோ 'க்ரோல்' எண்ணை அழுத்திவிட்டு மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

திரையில் கொரிய வரிகள் ஓடுகின்றன. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சீன வரிகளைப் பாடினாள், ஒரு சொல் பிசகாமல். மற்றவர்கள் கைதட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பல்லவி வந்ததும் அவர்களுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, எல்லாரும் சேர்ந்து "உருரொங், உருரொங்" என்கிறார்கள், அவள் ஒருத்தி மட்டும் "பாவ்ஷியாவ்" என்கிறாள். ஒரே மெட்டு, ஒரே இடம், இரண்டு சொல்லும் முட்டிக்கொண்டன. அவள் கண்ணைத் திறந்தாள். அந்தப் பல்லவியோடு மைக்கை மேசையில் வைத்துவிட்டாள்.

எனக்கும் அந்தச் சீனப் பல்லவி பாதி தெரியும். நான் சேர்ந்து பாடியிருக்கலாம். பாடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அவள் மைக்கை வைத்த விதம்தான் ஞாபகம் வருகிறது.

வூஹான் விடுதி:

அண்ணா, இதைப் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் மருத்துவம் படித்தது வூஹானில். 2013 கடைசியில் அந்தப் பாட்டு கேட்காத நாளே இல்லை, சாயங்காலம் கல்லூரி ஒலிபெருக்கியில் போடுவார்கள், உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கும் எல்லார் தலையும் ஆடும். எனக்குத் தெரிந்தது சீன வடிவம் மட்டும்தான், அதுதான் மூலம் என்றே நினைத்திருந்தேன். அடுத்த கோடையில் ஊருக்கு வந்தபோது என் தங்கை கொரிய வடிவத்தின் வீடியோவைப் போட்டாள். பள்ளிச் சீருடை, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் சுற்றி வரும் கேமரா, எல்லாம் அதேதான், ஆனால் குரல்கள் இடம் மாறியிருந்தன. நான் "இது தப்பு, இது அந்தப் பாட்டு இல்லை" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம். நெருங்கிய ஒருவர் வேறு குரலில் பேசுவதைக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. இன்றைக்கும் நான் கொரிய வடிவத்தை முழுதாகக் கேட்பதில்லை.

பழைய ரசிகன்:

ரொம்ப உருக வேண்டாம். சீன வடிவம் சந்தைக்காகச் செய்த டப்பிங்தான். 2012 ஏப்ரலில் அறிமுகமானபோதே ஆறு பேர் கொரியாவுக்கு, ஆறு பேர் சீனாவுக்கு என்று பிரித்து, ஒரே பாட்டை இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் விற்பது என்று கணக்குப் போட்டுத்தான் இறக்கினார்கள். 2016-க்குப் பிறகு கொரியக் கச்சேரிகளுக்குச் சீனாவில் வழி அடைபட்டது, அந்தக் கணக்கும் ஆட்டம் கண்டது. எனக்கு மறக்காதது 2018 பிப்ரவரி 25, பியாங்சாங் ஒலிம்பிக் நிறைவு விழா. காங்நுங்கில் ஒரு சூப்புக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். எக்ஸோ மேடைக்கு வந்ததும் கடைக்கார அஜும்மா (அத்தை) கரண்டியோடு வெளியே வந்து சத்தத்தைக் கூட்டினார். அங்கே ஒலித்தது கொரியச் சொல்தான்.

குற்றியலுகரம்:

பழைய ரசிகன், டப்பிங் என்ற சொல்லை ஏற்க மாட்டேன். சீன வரிகளைப் பாடிய உறுப்பினர்களில் சியூமினும் சென்னும் கொரியர்கள். வேற்று மொழியை மூச்சுப் பிசகாமல் பழகிப் பாடியிருக்கிறார்கள், அந்த உழைப்பு உங்கள் காதில் விழவில்லையா? கொரியச் சொல் வெறும் ஒலிக்குறிப்பு, நாம் நாய் 'உர்ர்' என்றது என்கிறோமே அந்த மாதிரி. சீனச் சொல் அப்படியில்லை. அதன் இரண்டு எழுத்திலும் ஓரத்தில் 'வாய்' என்ற குறி உட்கார்ந்திருக்கிறது, மஞ்சள் ஆறு சீறிப் பாய்வதற்கும் அதே சொல்தான். கொரியனில் ஒருவன் பல்லைக் கடித்து உறுமுகிறான், சீனத்தில் வாய்விட்டே கர்ஜிக்கிறான். இரண்டும் ஒரே பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் சின்னது, சியோல் மெட்ரோவில் பக்கத்தில் இருந்த பள்ளிப் பையன் நான் முணுமுணுத்ததைக் கேட்டு "உச்சரிப்பு சரி" என்றான், அவ்வளவுதான். ஏன் சரியாக வந்தது தெரியுமா? 'பாட்டு', 'காற்று' என்னும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் வருகிறதே, கொரியச் சொல்லின் முதல் இரண்டு அசையும் ஏறக்குறைய அந்த உயிர்தான். கடைசி 'ங்' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இடையில் வரும் உயிர் மட்டும் அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில். இதைப் பாட விரும்புகிறவர்கள் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யாதீர்கள். கொரிய அடிப்படை எழுத்து 24தான், ஒரு சனி ஞாயிறு போதும், முதலில் அதைப் படியுங்கள். சீன வடிவத்துக்கு வேறு வழி. பேசும்போது 'பாவ்' ஏறும், 'ஷியாவ்' இறங்கும், பாடும்போது மெட்டு அதை விழுங்கிவிடும், அதனால் தொனியைப் பற்றிக் கவலைப்படாமல் மூச்சு விடும் இடத்தைக் கவனியுங்கள். 'பா'வில் காற்று வெடித்து வர வேண்டும், உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மொழி மட்டும், இரண்டையும் கலக்காதீர்கள்.

சுவோன் வாசி:

உகரம் பற்றிச் சொன்னது அழகு, நன்றி. ஆனால் எப்படிப் பாடுவது என்று நான் கேட்கவில்லை. ரசிகன் சொல்லும் சந்தைக் கணக்கும் உண்மையாகவே இருக்கட்டும், அந்த அறையில் கண்ணை மூடிப் பாடியவளுக்கு அது கணக்கு இல்லை. அவள் மைக்கை வைத்த பிறகு யாரும் எடுக்கவில்லை. இசை தானாக ஓடியது, வரிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிப் போய்க்கொண்டே இருந்தன. முடிந்ததும் கரோக்கே பெட்டி எக்காளம் ஊதி மதிப்பெண் காட்டியது, 92. அவள் தன் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.