ரெட்கேப்பில் 6-வது வார நினைவூட்டல் போகவில்லை, அவசரம்

ஆய்வுக்காரி: நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்திய மருத்துவமனை ஊழியர்களை ஆறு மாதம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு எங்களுடையது. எச்ஐவி ரத்தப் பரிசோதனைக்கு 6-வது வாரம், 3-வது மாதம், 6-வது மாதம் ரெட்கேப்பில் (ஆய்வுத் தரவு சேகரிக்கும் மென்பொருள்) நினைவூட்டல் வைத்திருக்கிறேன். இப்போது யாருக்கும் வருவதில்லை. நான் எதையும் மாற்றவில்லை. உடனே சொல்லுங்கள்.

தரவுமேசை: மின்னஞ்சலா, எஸ்எம்எஸ்ஸா? எந்தப் பதிப்பு? எப்போதிலிருந்து?

மெயில்மாமா: ஸ்பாமில் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எஸ்பிஎஃப் பதிவு (எந்த சர்வர் நம் பெயரில் மடல் அனுப்பலாம் என்று சொல்வது) தப்பாக இருந்தது. பத்தில் ஒன்பது தடவை அதுதான்.

பழையபுள்ளி: நினைவூட்டல் எப்போது போக வேண்டும் என்ற நிபந்தனையில் நிகழ்வின் (எந்த வாரச் சந்திப்பு என்பதன்) பெயர் சேர்த்தீர்களா? பயிற்சி வீடியோவிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய மென்பொருள் இது. படிக்காமலே ப்ராஜெக்ட் கட்டிவிட்டு இங்கே வந்து அவசரம் என்கிறீர்கள்.

ஆய்வுக்காரி: மின்னஞ்சல்தான். பதிப்பு தெரியாது. படிவம் நிரப்பியதும் போகிற நன்றி மடல் மட்டும் ஒழுங்காக வருகிறது. போன மாதம் ஐடியில் சர்வரை மாற்றினார்கள்.

தரவுமேசை: இதுதான் விஷயம். நன்றி மடல் அந்த நொடியே போவது. அது போகிறதென்றால் மெயில் சர்வரில் கோளாறு இல்லை. நாள் குறித்து வைத்தவற்றை அனுப்புவது க்ரான் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை. சர்வரில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். புது சர்வரில் அதை வைக்க மறந்திருப்பார்கள். ரெட்கேப்பில் அழைப்பு லாக்கைத் (அனுப்பிய, அனுப்ப வேண்டிய மடல்களின் பட்டியல்) திறங்கள். நேரம் தாண்டியும் அனுப்பாமல் வரிசையாக நிற்கும்.

வார்டுஅக்கா: ஐடி சரிசெய்யும் வரை காத்திருக்காதீர்கள். 6 வாரம் தாண்டியும் முடிவு பதியாதவர்களை ரிப்போர்ட் எடுத்து இன்றைக்கே போன் போடுங்கள். எனக்குக் குத்தியபோது எச்ஐவி வராமல் தடுக்கும் 28 நாள் மாத்திரையை முடித்தேன். அப்புறம் பரிசோதனைக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. பயத்திலேயே தள்ளிப்போட்டேன். இன்னொன்று, மடலின் தலைப்பில் எச்ஐவி என்று போட்டிருக்கிறீர்களா? வார்டில் போன் மேசைமேல்தான் கிடக்கும்.

பழையபுள்ளி: ஊழியர் பதிவேடு நிர்வாகத்திடம் எப்படியும் இருக்கிறது. இதில் என்ன ரகசியம்?

வார்டுஅக்கா: குத்தியது தெரியலாம் சார், பரிசோதனை முடிவு தெரியக் கூடாது. 2017 எச்ஐவி சட்டம் அதைத்தான் சொல்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து குத்தியதையே மறைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டியவர்கள் அவர்கள்.

மெயில்மாமா: அதற்குத்தான் பேர் கேட்காமல் கூகுள் படிவம் வைக்கலாம் என்கிறேன்.

தரவுமேசை: பேர் இல்லாமல் ஆறு மாதம் யாரைத் தொடர்வது? பேர், போன் எண்ணை அடையாளத் தகவல் என்று குறித்துவிட்டால், ஏற்றுமதி செய்யும்போது நீக்கலாம். முடிவுப் படிவத்தை யார் திறக்கலாம் என்று ஆளுக்கு ஆள் உரிமையும் வைக்கலாம்.

பழையபுள்ளி: எத்திக்ஸ் கமிட்டிக்கு அதை எழுதிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

ஆய்வுக்காரி: க்ரான்தான். ஐடியில் வைத்துவிட்டார்கள். பதினோரு பேருக்குப் போன் போட்டோம், ஒன்பது பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். தலைப்பை ‘உங்கள் அடுத்த சந்திப்பு’ என்று மாற்றிவிட்டேன். நன்றி அக்கா.